எதிர் வீட்டுக் கார் நின்ற நாட்கள்

மார்ச் 4, திங்கள்

எதிர் வீட்டுக் கார் இன்றும் நின்றது. மூன்று மணிக்கு வாசலை விட்டுக் கிளம்பியது, மூன்று ஐந்துக்குத் தெருமுனை சிக்னலில் செத்துப்போனது. நல்ல வெயில். காலையிலிருந்து காரின் முகம் எங்கள் வீட்டைப் பார்த்தபடிதான் நின்றது.

நாத்தனார் இறங்கி பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள். அதில் அவளுக்கு என்ன தெரியும்? எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க மாட்டேன். பின்னால் இருந்த வண்டிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். அவள் வீட்டுக்காரர் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து நிமிடம் கழித்து கார் தானாகக் கிளம்பியது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

இந்த வருஷத்தில் இது ஒன்பதாவது தடவை. முழுக்க நின்று பார்த்தேன். கால் வலி.

மார்ச் 6, புதன்

இன்று காரின் பின்புறத்தை எங்கள் ஜன்னலுக்கு நேராகக் காட்டி நிறுத்தியிருந்தாள். வேண்டுமென்று செய்வதுதான், எனக்குத் தெரியாதா? மூன்று மணிக்குப் போனார்கள். கார் நிற்கவில்லை.

இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

மாத்திப்பாரு வந்தான். மெக்கானிக். அவன் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எந்த வண்டி வந்தாலும் "இதை மாத்திப் பாரு, அதை மாத்திப் பாரு" என்பதால் இந்தத் தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு தகரப் பெட்டி.

என் மகளின் தொழில் இதுதான். காருக்கு உள்ளே இப்படி ஒரு பெட்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, என்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு, நெருப்பு எப்போது என்று அதுதான் சொல்லும். அது கெட்டால் இவளிடம் வரும். கீழ் அறையில் மேஜை, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, ஈய வாசனை. மாப்பிள்ளை கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர் மேல். பேத்தி விடுதியில். மேலே நான், கீழே இந்தப் பெட்டிகள்.

"பம்ப் மாத்தியாச்சு, பேட்டரி மாத்தியாச்சு, வயர் பூரா மாத்தியாச்சு. இனிமே மூளைதான்கா பாக்கி" என்றான்.

"எந்த வண்டி?" என்று மேலிருந்து கேட்டேன்.

மாத்திப்பாரு எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"அந்த வீட்டுச் சாமான் இந்தப் படி ஏறாது" என்றேன்.

"படி ஏறல அம்மா. கீழ கடையிலதான் இருக்கு. கடைக்கு யார் வந்தாலும் வாங்கன்னுதான் சொல்லணும்" என்றாள் மகள்.

அவள் அத்தையோடு பேசுவாள், போவாள், வருவாள். நான் தடுத்ததில்லை. தடுத்தால் கேட்க மாட்டாள், அந்த அவமானம் எனக்கு எதற்கு?

மார்ச் 8, வெள்ளி

பெட்டியை மேஜையில் வைத்து, கரண்ட் கொடுத்து, நேற்று மத்தியானத்திலிருந்து ஓடவிட்டிருக்கிறாள். ஒரு குறையும் காட்டவில்லையாம். மகளுக்கு எரிச்சல். எரிச்சல் வந்தால் குழம்பில் உப்பு இருக்கிறதா என்றுகூடச் சொல்ல மாட்டாள்.

"பழைய கோளாறு ஒண்ணு உள்ள பதிவாகி இருக்கு. மெமரி கூட்டல் தப்புன்னு. ஆனா என் கண்ணு முன்னாடி செய்ய மாட்டேங்குது."

கூட்டல் என்றால் என்ன என்று கேட்டேன். சாவி போட்டதும் அந்தப் பெட்டி தன் ஞாபகத்தில் இருக்கிற எண்களை எல்லாம் கூட்டிப் பார்க்குமாம். ஓடும்போதும் நடுநடுவில் கூட்டுமாம். செய்தவர்கள் முதல் நாளே சரியான விடையை ஒரு ஓரத்தில் எழுதி வைத்திருப்பார்களாம். இரண்டும் சேர்ந்தால் சரி. சேராவிட்டால் தன் ஞாபகத்தைத் தானே நம்பாமல் என்ஜினை நிறுத்திவிடுமாம்.

நல்ல பழக்கம். நாத்தனாருக்கு இல்லாதது.

"வேற பெட்டி வாங்கிப் போட வேண்டியதுதானே?"

"இந்த மாடல் நின்னு பன்னண்டு வருஷம் ஆச்சு. கெடைக்காது. நான் கண்டுபிடிக்கலன்னா காரைத் தூக்கிப் போடணும்."

"போடட்டும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மாமாவை யார் கூட்டிட்டுப் போறது?"

நாத்தனாரின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் சொல்வேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய நாற்காலி. இன்று வாடகை வண்டியில் எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருபது நிமிடம் தாமதமானால் நாற்காலி அடுத்த ஆளுக்கு. ஏற்கனவே ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறது. இன்னும் ஒன்று தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அண்ணன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நான் அந்த வீட்டை விட்டு வந்த அன்று என் கட்டிலை ஒற்றை ஆளாகத் தெருவைத் தாண்டித் தூக்கி வந்தவர் அவர்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலைப் போட்டார், கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார், அட்டை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தார், போனார். அந்த அட்டை இன்னும் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

பேத்தி போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றேன். "அத்தைப்பாட்டிகூட பேசினியா?" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறேன்.

மார்ச் 11, திங்கள்

பெட்டி இல்லாமல் கார் வாசலில் சும்மா நிற்கிறது. வாடகை வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு வர வேண்டியது மூன்றே முக்காலுக்கு வந்தது. டிரைவர் வேறு தெருவில் நின்று போன் செய்துகொண்டிருந்தான். எனக்கு மேலிருந்து அவன் தெரிந்தான், அவர்களுக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார்கள். நாற்காலி போய்விட்டது.

மகள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எப்ப எப்ப நிக்குதுன்னு தெரிஞ்சாலாவது பிடிச்சுடுவேன். மழை அன்னிக்கா, வெயில்லயா, தூரம் போனாவா, கிட்ட போனாவா? அத்தைக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லங்கிறாங்க."

ஞாபகம் இல்லையாம். அவளுக்கு எதுதான் ஞாபகம் இருந்தது?

அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

அண்ணனை இரண்டு பேர் தாங்கி வாடகை வண்டியில் ஏற்றினார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஒரு செருப்பை நாத்தனார் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொன்று வாசலிலேயே கிடந்தது. மத்தியானம் பூராவும் கிடந்தது. ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

நான் நான்கு தடவை ஜன்னலை விட்டு எழுந்து போனேன். வேறு வேலையும் செய்தேன். திரும்பி வந்தால் செருப்பு.

ஆறு மணிக்குக் கீழே இறங்கி இந்த நோட்டை மகளின் மேஜையில் வைத்தேன்.

"என்ன அம்மா இது?"

"கார் நின்ன நாள், நிக்காத நாள். ரெண்டும் இருக்கு" என்றேன். மேலே வந்துவிட்டேன். படிக்கட்டில் மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் எந்த நோட்டும் என் கையை விட்டுப் போனது இல்லை.

மார்ச் 14, வியாழன்

நோட்டு இன்றுதான் திரும்ப வந்தது, நேற்றையதையும் சேர்த்து எழுதுகிறேன். நிறைய இருக்கிறது.

நேற்று அவள் முதலில் சிரித்தாள். கீழேயிருந்து கேட்டது. "அம்மா, அத்தை என்னிக்கு என்ன கலர் போர்வை காயப்போட்டாங்கன்னு எல்லாம் இருக்கு."

"வேணும்னா படி. இல்லன்னா தாண்டிப் போ."

"'இன்று கதவை எனக்குக் கேட்கும்படி சாத்தினாள்.' அம்மா, கதவுன்னா சத்தம் வரும்."

"அது சாத்தினது எனக்குத்தான்."

பிறகு சிரிப்பு நின்றது. இறங்கிப் பார்த்தால் ஒரு பெரிய காகிதத்தில் கோடு போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறாள். தேதி. வெயிலா, மேகமா. கார் முகமா, முதுகா. நின்றதா, ஓடியதா.

"கார் எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு ஏம்மா தெனமும் எழுதுன?"

"முதுகைக் காட்டி நிறுத்தினா அது எனக்கு அவமரியாதை. அதனால எழுதுனேன்."

"முகத்தைக் காட்டினா?"

"அன்னிக்கு இல்லைன்னு எழுதணும்ல. இல்லன்னா பொய்ச் சாட்சி ஆயிடும்."

பேனாவை மூடினாள். அப்புறம் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். இந்த வருஷம் கார் நின்ற ஒன்பது நாளும் முகம் காட்டிய நாள். ஒன்பதும் வெயில். முதுகு காட்டிய நாட்களில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. முகம் காட்டியும் மேகமாக இருந்த மூன்று நாள், அன்றும் நிற்கவில்லை.

எங்கள் வீடு மேற்கே. அந்தக் கார் எங்களைப் பார்த்து நின்றால் மத்தியான வெயில் முன்கண்ணாடி வழியாக நேரே உள்ளே விழும். அந்தப் பெட்டி இருக்கும் இடம் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டுக்குப் பின்னால். திருப்பி நிறுத்தினால் மூக்கு அவர்கள் போர்டிகோ நிழலுக்குள் போய்விடும்.

"சூடு" என்றாள். "என் மேஜை நிழல்ல இருக்கு. வருஷம் பூரா ஓடவிட்டாலும் இங்க நிக்காது."

இன்று காலை பேத்தியின் தலை உலர்த்துகிற மிஷினை எடுத்துக்கொண்டு போனாள். பெட்டிக்கு மேல் சூடான காற்று. நானும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான்கு நிமிடம். ஐந்து. ஆறாவது நிமிடம் கோளாறு காட்டும் ஸ்கேனரில் சிவப்பு எழுத்து வந்தது. அவள் கத்தவில்லை. மிஷினை அணைத்தாள். என் தோளைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள்.

ஆறவிட்டு அதன் ஞாபகம் முழுவதையும் கம்ப்யூட்டரில் இறக்கினாள். சூடாக்கி மறுபடியும் இறக்கினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தாள். வரி வரியாக எண்கள், திரை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் சுழன்றது.

ஒரே ஒரு இடம். ஆறினால் அங்கே பூஜ்ஜியம் இருக்கிறது. சூடானால் ஒன்று என்று படிக்கிறது.

"இவ்வளவு எண்ல ஒண்ணு தப்புனா என்ன ஆயிடும்?"

"ஒண்ணு தப்புனாலும் கூட்டல் தப்புதானேம்மா. பழைய சிப். ஒவ்வொரு இடத்துலயும் துளி கரண்டைப் பிடிச்சு வெச்சிருக்கும், அதுதான் ஞாபகம். வருஷம் ஆக ஆகக் கசியும். குளிர்ச்சியா இருக்கறப்ப சரியாப் படிச்சுடும். சூடா இருக்கறப்ப படிச்சா மாறிடும்."

"மாறினது அதுக்குத் தெரியுமா?"

"அந்த இடத்துக்குத் தெரியாது. மொத்தமாக் கூட்டிப் பாக்கறப்பதான் தெரியும்."

எனக்கு அப்படிக் கசிவு எதுவும் இல்லை என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததையே எழுத்துப் பிசகாமல் சொல்வேன் என்றேன். அவள் ஈயக் கம்பியைத் தேடிக்கொண்டு, "சரிம்மா" என்றாள். அந்தச் சரிம்மா எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

குளிர்ந்த ஞாபகத்தைப் புது சிப்பில் எழுதி, கூட்டிப் பார்த்து, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்து ஈயம் பற்றவைத்தாள். பத்து மணிக்கு மாத்திப்பாரு பெட்டியைக் காரில் மாட்டினான். "எதையும் மாத்தாம எப்பிடிக்கா கண்டுபிடிச்ச?" என்று கேட்டானாம்.

காரை எங்களைப் பார்த்தபடி வெயிலில் நிறுத்தச் சொன்னாள். சோதனைக்கு. மூன்று வரை வெந்தது. மூன்றுக்குக் கிளம்பியது. சிக்னலில் சிவப்புக்கு நின்றது, பச்சை வந்ததும் போனது. அண்ணன் நாற்காலிக்கு நேரத்துக்குப் போய்விட்டார்.

இதில் ஒரு துரோகம் உண்டு. கிளம்புவதற்கு முன் நாத்தனார் கடை வாசலில் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் சும்மா இருக்க வேண்டியதுதானே? "நான் இல்ல அத்தை. அம்மா எழுதி வெச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டாள்.

"அண்ணியா? எத்தனை நாளா?"

"இருபத்திரண்டு வருஷமா."

நாத்தனார் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். திரை அசைந்திருக்கலாம். காற்று.

மார்ச் 17, ஞாயிறு

இதை எழுத எனக்கு இஷ்டம் இல்லை. எழுதாவிட்டால் பொய்ச் சாட்சி ஆகிவிடும்.

அந்தச் சரிம்மா மனசிலேயே இருந்தது. காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தேன். மகளை உட்கார வைத்தேன். "கூட்டிப் பார்" என்றேன். "நான் சொல்றேன், நீ எழுத்துல பார். சேருதா இல்லையான்னு."

அவளுக்குக் கதை தெரியும். அவள் அப்பா சாலையில் லாரி அடித்து இறந்த மூன்றாம் நாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அந்தப் பக்கம் என் கொழுந்தனும் நாத்தனாரும். நாத்தனார் தன் தம்பியிடம் சொல்கிறாள்: "வீடு அண்ணிக்கு வேணாம்."

மூன்று நாள்தான் ஆகியிருந்தது. என் கழுத்தில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் எதிர்த்தாற்போல் இந்த மாடிக்கு வந்துவிட்டேன். தூரமாகப் போயிருக்கலாம். போகவில்லை. அவள் தினமும் என்னைப் பார்க்க வேண்டும். மூன்று தடவை வந்து கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. இது முப்பது பக்கம் தள்ளி எழுதியிருக்கிறது.

மகள் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். வாய்விட்டுப் படித்தாள். நான் எழுதியது இதுதான், இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"இன்று மூன்றாம் நாள். வீடு நிறைய ஆள். வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கிறது. கொழுந்தன் ஒரு பையோடு வந்தார். நாத்தனார் கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னாள், விடு அண்ணிக்கு வேணாம். அப்புறம் வீடு அமைதி. வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது, யாரும் சாவி கொடுக்கவில்லை."

அவள் நிறுத்தினாள். மறுபடியும் அந்த வரியை மட்டும் படித்தாள். "விடு. அண்ணிக்கு வேணாம்."

"வீடு" என்றேன்.

"விடுன்னு இருக்கும்மா."

"நான் மூணாம் கிளாஸ். அப்பல்லாம் எனக்குச் சுழி போடத் தெரியாது. குறில் நெடில் எல்லாம் பேத்தி சொல்லித் தந்ததுதான்."

அவள் ஒவ்வொரு வீடு மேலும் விரலை வைத்தாள். வீடு நிறைய ஆள். சுழி இருக்கிறது. வீட்டு வாசலில். இருக்கிறது. வீடு அமைதி. இருக்கிறது. வீட்டுக் கடிகாரம். இருக்கிறது. நாலு வீட்டுக்கும் சுழி போட்டிருக்கிறேன். நல்ல பெரிய சுழியாக, பிள்ளை எழுதுகிற மாதிரி.

அந்த ஒன்றில் மட்டும் இல்லை.

"மை தீந்து போயிருக்கும்" என்றேன்.

"அடுத்த எழுத்து எல்லாம் நல்லா விழுந்திருக்கு."

"அவ சொன்னதை நான் கேட்டேன்டி. என் காதால கேட்டேன்."

"கேட்டதைத்தான் அன்னிக்கே எழுதியிருக்க."

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை. அவள் கீழே போனாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்தை ஏன் திருப்பிப் பார்க்கவில்லை? ஞாபகம் இருப்பதைப் போய் யார் படிப்பார்கள்?

அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட ஆறவிட்டு எடுத்ததில்லை.

மார்ச் 18, திங்கள்

வீடு. விடு.

வீடு. விடு.

ஒரு சுழி.

அவள் அப்படித்தான் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம், தம்பியிடம் "விடு" என்றுதானே சொல்வாள். பெரியவர்களிடம் என்றால் "விடுங்க." சின்னவனிடம் "விடு." அதுவும் சேர்கிறது. எதைக் கூட்டினாலும் அவள் பக்கமே சேர்கிறது.

பை என்று எழுதியிருக்கிறேன். என்ன பை? எனக்குப் பை ஞாபகமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கடிகாரம் நின்றது ஞாபகம் இருக்கிறது, பை இல்லை.

கார் மூன்று மணிக்குப் போனது. முகமா முதுகா, பார்க்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தெருவைத் தாண்டினேன். பன்னிரண்டு அடிகூட இருக்காது. ஒரு சைக்கிள் போகட்டும் என்று நின்றேன், அப்புறம் ஒரு வேன் போகட்டும் என்று நின்றேன், அப்புறம் எதுவும் வரவில்லை.

கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது இவ்வளவு தெரியவில்லை.

"வாங்க அண்ணி" என்றாள். நேற்றுத்தான் வந்துபோன ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

"உக்கார வரல. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மூணாம் நாள், உன் தம்பி கையில ஒரு பை இருந்துச்சே. அதுல என்ன?"

அவள் கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை தள்ளி, ஒரு தடவை இழுத்தாள்.

"எங்க அண்ணனோட சட்டை, வேட்டி. ஆஸ்பத்திரில அப்படியே சுருட்டிக் குடுத்திருந்தாங்க. உங்ககிட்ட குடுக்கறேன்னு எடுத்துட்டு வந்தான், மடையன். விடு, அண்ணிக்கு வேணாம்னு நான்தான் வாங்கிக்கிட்டேன்."

அவள் வாயிலிருந்தே வந்தது. சுழி இல்லாமல்.

"என்ன பண்ண அதை?"

"தொவைச்சேன். பின்பக்கக் குழாயடியில, நீங்க குளிக்கப் போன நேரமாப் பாத்து. மூணு தடவை. சட்டையில கழுத்துப் பக்கம் போகவே இல்ல."

உள்ளே அண்ணன் இருமினார். "யாரும்மா அது?" என்றார். நாத்தனார் திரும்பி, "அண்ணி" என்றாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, இன்னொரு நாற்காலிக்கு இடம் விடுகிற மாதிரி.

"ஏன் போனீங்கன்னு அப்ப எனக்குப் புரியல" என்றாள் அவள். "இந்த வீட்டுல கண்ணு போற எடமெல்லாம் எங்க அண்ணன் ஞாபகம், இருக்க முடியல போலன்னு நெனச்சேன். எதுத்தாப்ல குடி போனப்ப, சரி, ரொம்பத் தூரம் போகவும் மனசு வரலன்னு நெனச்சேன்."

நான் ஏன் போனேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரித்தாலும் சிரிப்பாள், அழுதாலும் அழுவாள். இரண்டையும் வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது.

"பரண்ல இருக்கு அண்ணி. மடிச்சு வெச்சிருக்கேன். எடுத்துத் தரட்டுமா?"

"விடு" என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு காலில் ஆடியது. சொல்லவில்லை.

மார்ச் 22, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அண்ணனைப் பிடித்து இறக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று மகள்தான் சொன்னாள். அது என் யோசனை இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

கார் காலையிலிருந்து வெயிலில், முகத்தைக் காட்டித்தான் நின்றது. உள்ளே அனல். சிக்னலில் நின்றோம். நாத்தனார் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பச்சை வந்தது. போனோம். நாற்காலிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டோம்.

அவள் பிரேக் பிடிக்கும் விதம் சரியில்லை. இரண்டு தடவை நெற்றி முன் சீட்டில் இடித்தது. ஜன்னலை ஏற்றச் சொன்னேன், "காத்து வரட்டும் அண்ணி" என்றாள். குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. காரில் ஏறுவதற்கு முன் அவர்கள் வாசலிலிருந்து எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரை அவ்வளவு அழுக்கு. நடுவில் ஒரு கிழிசல், என் முகம் அளவுக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதையும் எழுதி வைக்கிறேன்.